மடிப்பு

கழுவித் துடைத்தாயிற்று.
அழகியமண்டபம் வெயிலில் வெள்ளை ஸ்விஃப்ட்
புதுசுபோல் நிற்கிறது.
கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டும்.

காலியான பால் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு
பானட்டில் விரல் நுனியை ஓட்டினால்
மீதி தெரியும்.
நடுவில் ஒரு மெல்லிய தாள் வந்துவிட்டால்
விரலுக்குக் காது முளைக்கும்:
ரவை ரவையாக, நறநறவென்று.

கிளே. நீல நிறம்.
ஒரு சப்பாத்திக்கு உருட்டும் அளவு.
பிசைந்து தட்டையாக்கி
ஷாம்பூத் தண்ணீர் பீய்ச்சி
அழுத்தாமல், வட்டம் போடாமல்
நேர்கோட்டில் முன்னும் பின்னும்.
முதல் நாலு இழுப்புக்கு முனகும்.
பிறகு முணுமுணுக்கும்.
சத்தம் நின்ற இடம் சுத்தமான இடம்.

தரையில் விழுந்த துண்டை மட்டும்
திரும்ப எடுக்கக் கூடாது.
ஒரு மணல் போதும்,
வண்டி முழுக்கக் கீறிவிடும்.

ஜெனோவா அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில்
ஆர்சி புக்கை மடியில் வைத்திருக்கிறாள்.
நாலு மணிக்கு ஆள் வருகிறதாம்.
"வண்டி தக்கலையிலயே நின்னது தம்பி.
கேட்டா அப்படிச் சொல்லு."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

கிளேயைத் திருப்பிப் பார்க்கிறேன்.
கறுப்பு.
சூளைப் புகையாக இருந்தால் பிசுபிசுக்கும்.
குவாரித் தூசி வெளுத்துக் கிடக்கும்.
இது மினுங்குகிற கறுப்பு,
மணவாளக்குறிச்சிப் பக்கம்
அலை திரும்பிப் போகும்போது
கரையில் கோடு இழுத்துவிட்டுப் போகுமே,
அந்த மண்.
அதுவும் இடப்பக்கக் கதவுகளில்தான் அதிகம்.
ஒரே திசையைப் பார்த்து நின்று
ஆடிக் காற்றை வாங்கியிருக்கிறது.

மடிக்கிறேன்.
கறுப்பு உள்ளே போகிறது, நீலம் வெளியே வருகிறது.
வேலையே இதுதான்,
எடுத்ததை உள்ளே வைத்துக்கொண்டு
அடுத்ததை எடுக்கப் போவது.
இதற்கு யாரும் பொய் என்று பெயர் வைக்கவில்லை.

அவள் போன் அடிக்கிறது.
"வெள்ளிக்கிழமைக்குள்ள கெட்டிருவேன் சிஸ்டர்.
பிள்ளைய பரிச்ச எழுத விடுங்க."

மடிக்கிறேன்.

குலசேகரத்திலிருந்து வேலப்பன் வந்தார்.
முப்பது வருஷம் பால்வெட்டு.
பளபளத்த பானட்டைப் பார்க்கவே இல்லை.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
டயருக்கு மேலே, வளைவின் உள்விளிம்பில்
கிளே போகாத இடத்தில்
கட்டைவிரலை விட்டுச் சுரண்டினார்.
முகர்ந்தார்.
எழுந்து என் கையைப் பார்த்தார்.

விரல்களைத் தளர்த்தினேன்.
துண்டு விழுந்தது.
விழுந்ததை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது.

"இதென்னடே, ஒட்டுப்பாலா?"
குனிந்து எடுத்து
சிரட்டையிலிருந்து உரித்த ரப்பரை இழுப்பதுபோல்
இரண்டு கையாலும் இழுத்தார்.
மடிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன.
நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு.

"கடக்கர மண்ணாக்கும்.
ரெண்டு மழ நின்னிருக்கு."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ரெண்டில்ல," என்றாள் ஜெனோவா அக்கா,
"மூணு.
கடியப்பட்டணம். எங்க வீட்டுக்குப் பின்னால.
அவரு கப்பலுக்குப் போனதுக்கப்புறம்
எடுக்க ஆளில்ல."

இருபதாயிரம் குறைந்தது.
அவள் மறுபேச்சு பேசவில்லை.
பணத்தை இரண்டு முறை எண்ணினாள்,
இரண்டாம் முறை உதடு அசைய.

கையெழுத்தெல்லாம் போட்ட பிறகுதான்
வேலப்பன் பானட்டில் உள்ளங்கை வைத்தார்.
தழும்பேறிய கை.
கண்ணாடிவரை சறுக்கிப் போய்த் திரும்பியது.
"வேல கொள்ளாம்," என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.

வலப்பக்கப் பின்கதவு பாக்கி இருந்தது.
புதுத் துண்டு ஒன்றைப் பிரித்தேன்.
மடிப்பே விழாத நீலம்.
தண்ணீர் பீய்ச்சினேன்.
முனகத் தொடங்கியது.